கார்வெட்டும் பழவேற்காட்டு ஃபைபர் படகும்

செவ்ரோலெட் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கும், பழவேற்காட்டுக் குப்பங்களில் கரையேற்றி வைத்திருக்கும் மீன்பிடிப் படகுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று தோன்றும். ஆனால் இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்தால் தெரியும். தகரத்தின் சத்தமும் வராது, மரத்தின் சத்தமும் வராது. 'டொக் டொக்' என்று ஒரே மாதிரி சத்தம். இரண்டுமே ஃபைபர்!

அமெரிக்காவில் எழுபது வருடத்துக்கு முந்தைய கார்வெட்டை இன்றும் துடைத்து, மெருகேற்றி, ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்கு வாங்குகிறார்கள். நம் ஊர்க் கடற்கரையில் ஓட்டை விழுந்த ஃபைபர் படகு நாய் படுக்கவும் பிள்ளைகள் ஒளிந்து விளையாடவும் ஆகிறது. பொருள் ஒன்றுதான், கதி வேறு. ஏன்? பணக்கார நாடு, ஏழை நாடு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கார்வெட்டின் கதையைக் கொஞ்சம் கிளறினால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று புரியும்.

பெயரிலேயே கப்பல்

கார்வெட் என்பது முதலில் காரின் பெயரே அல்ல. அது சிறிய, வேகமான போர்க்கப்பல் வகையின் பெயர். இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனவை அவை. செவ்ரோலெட் விளம்பரப் பிரிவில் இருந்த மைரன் ஸ்காட் என்பவர் அந்தப் பெயரைக் காருக்குச் சொன்னார். நம் கடற்படையிலும் கார்வெட் வகைக் கப்பல்கள் உண்டு. பழைய 'அபய்' வகை கார்வெட்களுக்கு மாற்றாக வந்த 'ஆர்நாலா' என்ற கப்பல், பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி தளத்தில் கட்டப்பட்டு 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது.

பெயர் மட்டுமல்ல, உடம்பும் கடலிலிருந்து வந்ததுதான். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து, பாயாகப் பரப்பி, ரெசினை ஊற்றி இறுக வைத்தால் கிடைப்பது ஃபைபர்கிளாஸ். 1942-இல் ரே கிரீன் என்ற அமெரிக்கர் இதில் சிறு படகு செய்து பார்த்தார். அடுத்து கலிஃபோர்னியாவில் பில் டிரிட் என்ற படகு கட்டுபவர், படகு செய்யும் அதே முறையில் ஒரு காருக்கு உடம்பு செய்து கொடுத்தார். ரெசின் தயாரித்த கம்பெனி அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜெனரல் மோட்டார்ஸுக்குக் காட்டியது. அங்கே ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்புத் தலைவர் ஏற்கெனவே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கிலாந்திலிருந்து எம்.ஜி., ஜாகுவார் என்று குட்டி குட்டித் திறந்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 'நம் ஊரில் ஏன் இப்படி ஒன்று இல்லை?' என்பதுதான் அவர் கேள்வி.

300 வெள்ளைக் கார்கள்

1953 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் கார்வெட்டைக் காட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. ஆறே மாதத்தில், ஜூன் 30-ஆம் தேதி, மிச்சிகனில் உள்ள ஃபிளிண்ட் நகரில் முதல் கார் வெளியே வந்தது. அந்த வருடம் செய்தது மொத்தம் 300. எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு, மேலே மடக்குகிற கறுப்புத் துணிக் கூரை. விலை 3,498 டாலர்.

இவ்வளவு அவசரமாக எப்படிச் செய்ய முடிந்தது? காரணம் ஃபைபர்தான். எஃகுத் தகட்டில் காரின் உடம்பை அழுத்தி எடுக்க ராட்சத அச்சுகள் வேண்டும். அவற்றைச் செய்யவே மாதக்கணக்கில் ஆகும், செலவும் பயங்கரம். லட்சம் கார் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஃபைபருக்கு அச்சு செய்வது சுலபம், மலிவு. சில நூறு கார்களுக்கு அது போதும். ஒஹையோவில் ஆஷ்டபுலா என்ற ஊரில் ராபர்ட் மாரிசன் என்பவரின் கம்பெனி உடம்புப் பாகங்களைச் செய்து அனுப்பியது. ஆக, உலகமே வியந்த கார்வெட்டின் ஃபைபர் உடம்பு ஏதோ தொலைநோக்குத் திட்டம் அல்ல. அவசரத்துக்கும் சிக்கனத்துக்கும் கிடைத்த வழி. அவ்வளவுதான்!

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். முதல் கார்வெட் நல்ல கார் இல்லை. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், ஆனால் ஆறு சிலிண்டர் இன்ஜின், 150 குதிரைசக்தி, இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேடிக். வெளியே கதவுக்குக் கைப்பிடி இல்லை. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னலும் கிடையாது. மழை வந்தால் திரையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பாகங்கள் சரியாகப் பொருந்தவில்லை, தண்ணீர் ஒழுகியது. 1954-இல் 3,640 கார்கள் செய்தார்கள், ஏராளமானவை விற்காமல் நின்றன. 1955-இல் வெறும் 700. அதே வருடம் ஃபோர்டு கம்பெனி தண்டர்பேர்டு என்ற திறந்த காரைக் கொண்டுவந்து 16,000-க்கும் மேல் விற்றுக் காட்டியது. கணக்குப்பிள்ளை புத்தி உள்ள யாராக இருந்தாலும் கார்வெட்டை மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஓட்டத் தெரிந்த ஒரு ஆள்

காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோரா ஆர்கஸ் டண்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு 1909-இல் பெல்ஜியத்தில் பிறந்து, போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். பொறியாளர், பந்தய ஓட்டுநரும்கூட. கண்காட்சியில் கார்வெட்டின் அழகைப் பார்த்து மயங்கி 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 'இதைக் கைவிடக்கூடாது, சரிசெய்ய வேண்டும்' என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1955-இல் வி-8 இன்ஜின் வந்தது. 1956-இல் கதவுக்குக் கைப்பிடியும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வந்தன. 1957-இல் 283 குதிரைசக்தி வரை போனது. 1962-இல் முதல் தலைமுறை முடிகிறபோது அந்த ஒரே வருடத்தில் 14,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டண்டோவ் மேஜையில் உட்கார்ந்து மட்டும் யோசிக்கவில்லை. காரைத் தானே ஓட்டி, தானே திட்டி, தானே திருத்தினார். பயன்படுத்துகிறவனின் குறை செய்கிறவன் காதுக்குப் போனது. கார்வெட் பிழைத்த ரகசியம் ஃபைபரும் அல்ல, வெள்ளை நிறமும் அல்ல, இதுதான்.

கூரை இல்லாத மோகம்

கூரை மடக்கும் காரின் கவர்ச்சியைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி கழுத்துத் துணி பறக்க, கதாநாயகன் ஸ்டியரிங்கை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே பாடிப் போவது கூரையில்லாத காரில்தானே! காற்று முகத்தில் அடிக்கும். வானம் தெரியும். போகிறவரையும் ஊர் பார்க்கும். இந்தக் கடைசிக் காரணம்தான் பலருக்கு முதல் காரணம்!

கார்வெட்டுக்கு இந்தக் கவர்ச்சி மூன்று வழியில் ஏறியது. ஒன்று தொலைக்காட்சி. 1960 முதல் 1964 வரை ஓடிய 'ரூட் 66' தொடரில் இரண்டு இளைஞர்கள் கார்வெட்டில் நாடு சுற்றினார்கள். இரண்டு, பந்தயம். மூன்று, விண்வெளி வீரர்கள். முதன்முதலில் விண்வெளிக்குப் போன அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வெள்ளை கார்வெட் கொடுத்தது. ஃபுளோரிடாவில் ஜிம் ராத்மேன் என்ற செவ்ரோலெட் வியாபாரி, விண்வெளி வீரர்களுக்கு வருடம் ஒரு டாலர் வாடகைக்குக் கார் தரும் ஏற்பாடு செய்தார். ராக்கெட்டில் போகிறவன் தரையில் ஓட்டுவது கார்வெட் என்றால், அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

ராக்கெட் என்றதும் கதை பழவேற்காட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது. அமெரிக்காவின் கேப் கனவரல் ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் உப்பங்கழியுமாக நீண்டு கிடக்கிற நிலம். நம் ஸ்ரீஹரிகோட்டாவும் அப்படியே. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. 1971 முதல் அங்கே ராக்கெட் ஏவுகிறார்கள். அங்கே ஏவுதளத்தை ஒட்டி ஒரு டாலர் கார்வெட் ஓடியது. இங்கே ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வருகிறது, படகு கரையிலேயே கிடக்கிறது. ஒரே மாதிரி பூமி, ஒரே மாதிரி பொருள், ஆனால் ஒன்றுக்கு ராஜமரியாதை, இன்னொன்றுக்கு ஒருநாள் கூலி நஷ்டம்.

கட்டுமரத்திலிருந்து ஃபைபருக்கு

பழவேற்காடு சின்ன ஊர் என்று நினைக்க வேண்டாம். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி அது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் செய்த துறைமுகம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக மீனவக் கிராமங்கள். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே பல தலைமுறையாக இருக்கிறது.

கடல் பக்கம் போகிறவர்களுக்கு முன்பு கட்டுமரம்தான். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி அலை மேல் விடுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று ஆடம்பர உல்லாசப் படகுக்குச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கட்டுமரம்தான். மரம் விலை ஏறியது, நல்ல மரம் கிடைப்பது குறைந்தது. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையை மையமாக வைத்து இயங்கி, இந்தக் கரைகளுக்கு ஏற்ற புதுவகைப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. மெல்ல மெல்ல ஃபைபர் நுழைந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி ஒரே காலையில் கட்டுமரங்களையும் படகுகளையும் நொறுக்கிப் போட்டது. உதவி குவிந்தது. தொண்டு நிறுவனங்கள் உடனே படகு கொடுக்க விரும்பின. உடனே கிடைப்பது எது? ஃபைபர்! அச்சு இருந்தால் போதும், மளமளவென்று செய்து தள்ளலாம். தமிழகக் கடற்கரை முழுக்கப் படகு கட்டும் கொட்டகைகள் முளைத்தன. 1953-இல் ஃபிளிண்ட் நகரில் நடந்த அதே கதை. அவசரம், சிக்கனம், ஃபைபர்.

நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. ஃபைபர் படகு ஊறி கனக்காது, புழு அரிக்காது. இன்ஜின் பொருத்தினால் தூரம் போகலாம். நாலு பேர் ஏறலாம், வலையும் மீனும் வைக்க இடம் உண்டு. கட்டுமரத்தில் இடுப்பு வரை நனைந்து போனவருக்கு இது பெரிய சௌகரியம். 'அந்தக் காலக் கட்டுமரம் போல வருமா' என்று கரையில் நின்று உருகுகிறவர்கள் ஒருநாள் அதில் ஏறிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் அவசரத்தில் செய்தவற்றில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன. ரெசினும் கண்ணாடிப் பாயும் குறைத்துப் போட்டால் வெளியே பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. அலையில் அடிபட்ட பிறகுதான் தெரியும். முதல் கார்வெட்டுக்கும் குறைகள் இருந்தன. அந்தக் குறைகளைத் திருத்த ஒரு டண்டோவும் பின்னால் ஒரு கம்பெனியும் இருந்தன. படகு கொடுத்தவர்களில் பலர் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீனவர் கண்டுபிடித்த குறை யார் காதுக்குப் போனது?

குழிக்குள் விழுந்த எட்டு கார்கள்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீன் நகரில் கார்வெட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1994-இல் திறந்தது. 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் அதன் தரை திடீரென்று உள்வாங்கி, எட்டு கார்வெட்கள் பூமிக்குள் போய்விட்டன. அதில் ஒன்று 1992-இல் வெளிவந்த பத்து லட்சமாவது கார்வெட், வெள்ளை நிறத் திறந்த கார். எட்டையும் மேலே தூக்கினார்கள். மூன்றைச் சீர்செய்தார்கள். மற்ற ஐந்தும் மிக மோசமாக நசுங்கியிருந்ததால் நினைவுக்காக அப்படியே வைத்தார்கள்.

ஒரு காருக்கு இவ்வளவா என்று சிரிப்பு வரலாம். ஆனால் சீர்செய்த முறையைக் கவனித்தால் சிரிப்பு நின்றுவிடும். உடைந்த ஃபைபரை வெட்டி எடுப்பது, ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்குவது, புதுப் பாயை வைத்து ரெசின் பூசுவது, காய்ந்ததும் மறுபடி தேய்த்து மெருகேற்றுவது. குப்பத்தில் கிழிந்த படகுக்கு ஒட்டுப் போடுவதும் அடிப்படையில் இதே வேலைதான். அங்கே அது பெருமைக்குரிய தொழில். இங்கே அது முகமூடியும் கையுறையும் இல்லாமல், கண்ணாடித் தூசியில் உடம்பெல்லாம் அரிக்க அரிக்கச் செய்கிற வேலை.

ஃபைபருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருமுறை இறுகினால் அதை உருக்கி மறுபடி வேறொன்றாக வார்க்க முடியாது. பழைய இரும்பைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார். பழைய கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும். பழைய ஃபைபரை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது. கார்வெட்டுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசில்லை. படகுக்கு அப்படியில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த படகுகளுக்கு இப்போது இருபது வயது. அவை எங்கே போகும்? ஏரிக்கரைக்கும் முகத்துவாரத்துக்கும்தானே!

செய்ய வேண்டியது என்ன

கார் பணக்காரன் பொம்மை, படகு ஏழையின் கருவி, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மீனவர் யாரும் தன் படகை மியூசியத்தில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் பொம்மைக்குக் கிடைக்கிற அக்கறையில் பாதியாவது உயிரைச் சுமக்கிற கருவிக்குக் கிடைக்க வேண்டாமா? கார்வெட் நின்றால் ஓட்டியவர் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போவார். நடுக்கடலில் படகு பிளந்தால்?

ஒன்று, ஒவ்வொரு கார்வெட்டுக்கும் ஒரு எண் இருக்கிறது. எந்த வருடம், எங்கே செய்தது என்று அதைவைத்துச் சொல்லிவிடலாம். அதுபோல ஒவ்வொரு படகிலும் கட்டியவர் பெயர், வருடம், எத்தனை அடுக்குப் பாய் போட்டது என்று அழியாத தகடு பதிக்க வேண்டும். பெயர் போட வேண்டும் என்றால் ரெசினைக் குறைக்கக் கை கூசும். இரண்டு, குப்பத்து இளைஞர்களுக்கு ஃபைபர் பழுதுபார்க்கும் தொழிலைப் பாதுகாப்பு உபகரணங்களோடு முறையாகக் கற்றுத்தர வேண்டும். ஒரு நல்ல ஒட்டு படகின் ஆயுளைக் கூட்டும், ஊருக்குள்ளேயே வேலையும் தரும். மூன்று, கெட்டுப்போன படகைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி வேண்டும். பிரான்ஸில் 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்து அகற்றும் ஏற்பாடு நடக்கிறது. புதுப் படகு விற்பவர்களிடமே அதற்கான தொகையை வாங்கிவிடுகிறார்கள். பழைய வாகனங்களை என்ன செய்வது என்று இந்திய அரசும் 2021-இல் கொள்கை வகுத்தது. காருக்கு யோசித்தவர்கள் படகுக்கும் யோசிக்கலாம். நம் ஊரில் அந்தச் செலவை மீனவர் தலையில் கட்டாமல், மானியத்தில் படகு கொடுக்கும்போதே அதற்கும் சேர்த்து ஒதுக்கினால் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், புதுப் படகின் வரைபடம் போடும்போது அதை ஓட்டப்போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டும்போது படகின் முகப்பு எப்படி எழ வேண்டும் என்று கூனங்குப்பத்துக்காரருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

செவ்ரோலெட் 2017 இறுதியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. கார்வெட்டைப் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நம்மில் பெரும்பாலோர் திருப்திப்பட வேண்டியதுதான். பரவாயில்லை, ரசிக்கலாம், தப்பில்லை. அழகான கார் அது. ஆனால் அடுத்த முறை பழவேற்காட்டுக்கு இறாலும் நண்டும் வாங்கப் போகிறவர்கள், கரையில் நிற்கிற படகையும் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். சத்தம் அதேதான்.